சிடி இல்லையென்றால் ஒரிஜினல் விண்டோஸ் போய்விடுமா? பழுது பார்த்த கணினியில் இயங்குதளத்தை மறுபடி போடுவது

"ஒரிஜினல் சிடி இருக்கா?" பழுது பார்க்கக் கொடுத்த கணினியைத் திரும்ப வாங்கப் போகும்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பலர் சந்திக்கும் கேள்வி இது. இல்லை என்றால் உடனே அடுத்த பேச்சு வரும்: "அப்ப ஒரிஜினல் விண்டோஸ் போச்சு. வேற ஒன்னு போட்டுத் தர்றேன்." கேட்பவரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். சிடி போடும் தட்டே இல்லாத மடிக்கணினிக்கு எங்கிருந்து சிடி வரும் என்று இருவருமே யோசிப்பதில்லை.

அந்தப் பேச்சில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. ஒன்று விண்டோஸின் நகல். இரண்டாவது அதைப் பயன்படுத்தும் உரிமை. மூன்றாவது உங்கள் படங்களும் கோப்புகளும். நகலை இலவசமாக எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உரிமை பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இருக்கிறது. போனால் திரும்பாதது மூன்றாவது மட்டும்தான். கடையில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

மேற்பார்வையாளர் இல்லாத வாழையிலைக் கடை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, மேசை, பாத்திரம் எல்லாம் உண்டு. சாப்பிட ஆட்களும் வந்துவிட்டார்கள். யார் எந்த மேசையில் உட்கார்வது, சமையலறைக்கு எதைச் சொல்வது என்று பார்க்கும் மேற்பார்வையாளர் மட்டும் வரவில்லை. கடை ஓடாது.

கணினியில் அந்த மேற்பார்வையாளர்தான் இயங்குதளம். விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகை. திரை, விசைப்பலகை, நினைவகம் (ரேம்) ஆகியவை கடைச் சாமான்கள். வேர்டு, குரோம் போன்ற செயலிகள் வாடிக்கையாளர்கள்.

காலையில் கதவைத் திறந்து மேற்பார்வையாளரை உள்ளே விடும் காவலாளியும் ஒருவர் வேண்டும். அவர்தான் பயோஸ்: கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ஒரு சிறு சில்லுக்குள் இருக்கும் நிரல். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது அதுதான். சாமான்களைச் சரிபார்த்துவிட்டு, இயங்குதளம் எந்த வட்டில் இருக்கிறது என்று தேடி, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும். இன்றைய கணினிகளில் இதன் புதிய வடிவமான யூஈஎஃப்ஐ இருக்கிறது. பழக்கத்தில் எல்லோரும் பயோஸ் என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

எல்லாப் பழுதுக்கும் 'ஃபார்மட்' தேவையா?

தேவையில்லை. ஃபார்மட் என்றால் வட்டை முழுக்க அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. மேற்பார்வையாளர் தங்கியிருக்கும் அறைதான் அந்த வட்டு: ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. அந்த அறையைத் தொடாத பழுதுக்கு விண்டோஸை மறுபடி போட ஒரு காரணமும் கிடையாது. திரை, விசைப்பலகை, பேட்டரி, மின்விசிறி, சார்ஜ் துளை, நினைவகம் என எதை மாற்றினாலும் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரவேண்டும்.

வட்டு செத்து புதியது போட்டிருந்தால் மறுபடி போட்டே ஆகவேண்டும். மதர்போர்டு மாறியிருந்தால் நிலைமை இரண்டுங்கெட்டான். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடி மின்னலில் மின்சாரம் எகிறிப் பலகை கருகினாலும், வட்டு பெரும்பாலும் பிழைத்துவிடும். அதை எடுத்து அதே மாடல் பலகையில் மாட்டினால் விண்டோஸ் எழும். ஆனால் உரிமையும் பூட்டும் தகராறு செய்யலாம். அதைக் கீழே பார்ப்போம்.

பழுது முடிந்து வந்த கணினி நீலத்திரை காட்டினால் உடனே ஃபார்மட்டுக்குப் போகாதீர்கள். பலகையில் வேலை செய்யும்போது பயோஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடுவது சாதாரணம். வட்டோடு பேசும் முறை அதில் இரண்டு விதமாக இருக்கும்: ஏஎச்சிஐ ஒன்று, ரெய்டு மற்றொன்று. விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதிலிருந்து இது மாறிவிட்டால், 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். பழைய முறைக்கு மாற்றினால் இரண்டே நிமிடத்தில் கணினி பிழைத்துவிடும். இது தெரியாமல் அழிக்கப்பட்ட கோப்புகள் கொஞ்சநஞ்சமல்ல.

சுருக்கமாக: வட்டு மாறினால் மறுபடி போடவேண்டும். பலகை மாறினால் முதலில் பழையதை எழுப்பிப் பார்க்கவேண்டும். மற்றவற்றுக்குத் தேவையே இல்லை.

ஐசி தொலைந்தால் குடியுரிமை போகுமா?

அடையாள அட்டையைத் தொலைத்தவர் குடியுரிமையைத் தொலைத்தவர் ஆகமாட்டார். தேசியப் பதிவிலாகாவில் பெயர் இருக்கிறது, கைரேகை இருக்கிறது. போய் விரலை வைத்தால் புதிய அட்டை கிடைக்கும். விண்டோஸ் சிடி அந்த அட்டை மாதிரி. உரிமம் என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர்.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்பது கணினியின் வயதைப் பொறுத்தது. விண்டோஸ் 7 காலத்தில் மடிக்கணினியின் அடியில் 25 எழுத்துகள் கொண்ட ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அந்த எழுத்துகள்தான் உரிமக் குறியீடு. வியர்வையிலும் உராய்விலும் பாதி அழிந்துபோன ஒட்டுத்தாளைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் பலர். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது தயாரிப்பாளர்கள் அந்தக் குறியீட்டை பயோஸ் சில்லுக்குள்ளேயே எழுதிவைக்கத் தொடங்கினார்கள். விண்டோஸைப் போடும்போது நிறுவல் நிரல் அதைத் தானே படித்துக்கொள்ளும். உங்களிடம் எதையும் கேட்காது.

விண்டோஸ் 10 வந்த 2015 முதல் இன்னொரு முறையும் சேர்ந்தது: டிஜிட்டல் உரிமம். உங்கள் கணினியின் பாகங்களை வைத்து ஓர் அடையாளம் கணக்கிடப்பட்டு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிவாகிறது. இதுதான் கைரேகை. அதில் அதிகக் கனம் மதர்போர்டுக்கு. வட்டையோ நினைவகத்தையோ மாற்றினால் கைரேகை மாறாது. பலகையை மாற்றினால் மாறிவிடும்.

ஆகவே வட்டு மட்டும் மாறிய கணினியில், இதற்குமுன் இருந்த அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் உரிமம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'அதே பதிப்பு' என்பதில் கவனம் வேண்டும். ஹோம் உரிமம் உள்ள கணினியில் புரோ போட்டால் ஒட்டாது. ஆசியச் சந்தைக்கு வரும் பல மடிக்கணினிகளில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று ஒரு பதிப்பு இருக்கும். அதற்கும் அதே பெயருள்ள பதிப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கோப்புகள், பிறகுதான் மற்றது

பழைய வட்டு இன்னும் உயிரோடிருந்தால் அதிலுள்ளதை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகே அடுத்த அடி. எஸ்எஸ்டியில் இது இன்னும் அவசியம். அழித்த இடங்களை அது பின்னணியில் தானே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் செய்வதுபோல் மீட்பு மென்பொருள் வைத்துத் தோண்டியெடுக்கலாம் என்று நம்பி இறங்கினால் பெரும்பாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் பிட்லாக்கர் குறுக்கே வரும். வட்டிலுள்ள அனைத்தையும் சங்கேதமாக்கிப் பூட்டிவைக்கும் வசதி அது. சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருக்கும். அந்தச் சில்லு பலகையிலோ அதிலுள்ள பிராசசரிலோ இருப்பதால் பலகை மாறினால் சாவியும் போய்விடும். கணினி எழும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். "நான் பிட்லாக்கர் எதுவும் போடலையே" என்பார்கள். போட்டிருக்கவேண்டிய அவசியமில்லை. புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல நேரங்களில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். நல்லவேளையாக, அப்படி இயங்கும்போது மீட்பு எண்ணும் அதே கணக்கில் சேமிக்கப்படுகிறது. கைத்தொலைபேசியிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய் சாதனங்கள் பகுதியில் பார்த்தால் கிடைக்கும். கணினியைக் கடையில் கொடுப்பதற்கு முன்பே அதைத் தாளில் எழுதிவைப்பது நல்லது. அந்த எண் இல்லையென்றால் வட்டைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நகல் எங்கே கிடைக்கும்?

மூன்று இடங்கள்.

வட்டு மாறவில்லை, விண்டோஸ் மட்டும் கெட்டுவிட்டது என்றால் வெளியே எங்கும் போகவேண்டாம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் சொடுக்கினால் மீட்புத் திரை வரும். அங்கே 'ரீசெட் திஸ் பிசி' இருக்கும். அதில் கிளவுட் டவுன்லோடு என்பதைத் தேர்ந்தால் புதிய நகலை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து தானே இறக்கிக்கொள்ளும். சுமார் 4 ஜிபி போகும். தொலைபேசி ஹாட்ஸ்பாட்டில் செய்தால் டேட்டாவைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வட்டு புதிது என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற சிறு நிரலை வேறொரு விண்டோஸ் கணினியில் இறக்கி ஓட்டவேண்டும். குறைந்தது 8 ஜிபி தம் டிரைவ் (பென் டிரைவ்) தேவை. அதிலிருப்பது முழுவதும் அழிந்துவிடும் என்பதால் காலியானதைக் கொடுங்கள்.

மூன்றாவது, தயாரிப்பாளரின் மீட்பு நகல். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் கணினியின் வரிசை எண்ணையோ தயாரிப்பு எண்ணையோ கொடுத்தால் அந்த மாடலுக்கென்றே தயாரித்த நகலை இறக்கித் தருகின்றன. இதற்கு 16 அல்லது 32 ஜிபி தம் டிரைவ் வேண்டும். டிரைவர்கள் எல்லாம் கூடவே வந்துவிடுவது இதன் லாபம். கேட்காத விளம்பர மென்பொருள்களும் வந்துவிடுவது நட்டம். டிரைவர் என்றால் லாரி ஓட்டுநர் அல்ல. ஒவ்வொரு பாகத்தோடும் எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லித்தரும் சிறு நிரல்.

இங்கே ஒரு தவறு மிகச் சாதாரணமாக நடக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, அதைத் தம் டிரைவில் இழுத்துப்போட்டுவிட்டு, "கணினி எழவில்லை" என்பார்கள். ஐஎஸ்ஓ என்பது முழு வட்டின் உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிய மூட்டை. மூட்டையாகவே வைத்தால் காவலாளிக்கு அது வெறும் மூட்டைதான். ரூஃபஸ் போன்ற நிரலால் பிரித்து எழுதவேண்டும். பிரித்துக் கையால் நகலெடுக்கலாம் என்றாலும் சிக்கல்தான். பயோஸ் எளிதில் படிக்கும் ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. விண்டோஸின் முக்கியக் கோப்பு பல நேரங்களில் தாண்டிவிடும். மீடியா கிரியேஷன் டூல் அதை இன்னும் இறுக்கிச் சுருக்கித் தருவதால் அந்தத் தலைவலி இல்லை.

தம் டிரைவிலிருந்து எழுப்புவது

தம் டிரைவைச் செருகி, சுவிட்சைப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். இம்முறை எந்த வட்டிலிருந்து எழவேண்டும் என்று காவலாளிக்குச் சொல்லும் பட்டியல் அது. டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசஸ் மடிக்கணினி என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 வழியாக பயோஸுக்குள் போய் அந்தப் பட்டியலை இயக்கிவிட்டு வரவேண்டும்.

மேசைக் கணினியில் ஒன்றுக்கு மேல் வட்டுகள் இருந்தால், விண்டோஸ் போகவேண்டியதைத் தவிர மற்றவற்றின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தவறான வட்டை அழிப்பதற்கு ஒரு நொடி போதும். கூடவே, தொடக்கக் கோப்புகள் ஒரு வட்டிலும் விண்டோஸ் இன்னொன்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் குழப்பமும் வராது.

மொழி, விசைப்பலகை கேட்டபின் உரிமக் குறியீடு கேட்டால் 'குறியீடு இல்லை' என்ற வரியைச் சொடுக்குங்கள். பயப்படவேண்டாம், பதிவேட்டில் பெயர் இருக்கிறது. புதிய வட்டு என்றால் 'அன்அலோகேட்டட்' என்று ஒரே வரி தெரியும். அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்தால் தேவையான பிரிவுகளை அதுவே பிரித்துக்கொள்ளும். பழைய வட்டாக இருந்து, நகலெடுப்பு முடிந்திருந்தால், பிரிவுகளை அழித்துவிட்டு இதே நிலைக்குக் கொண்டுவரலாம்.

முதல் முறை மறுதொடக்கம் ஆகும்போது எந்த விசையையும் தொடாதீர்கள். தொட்டால் மறுபடி தம் டிரைவிலிருந்தே எழுந்து ஆரம்பத் திரைக்கு வந்து நிற்கும். 'மூன்று தடவை போட்டும் முடியவே இல்லை' என்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எங்கே சிக்கும், ஏன் சிக்கும்

*வட்டே தெரியவில்லை.* இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசர் முதல் பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இன்டெல் கட்டுப்பாட்டு முறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விண்டோஸ் நிறுவல் நிரலுக்கு அதன் டிரைவர் தெரியாது. உடனே "புது எஸ்எஸ்டியும் செத்துப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, அதே தம் டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டினால் வட்டு தெரியும்.

*இந்த வட்டில் போடமுடியாது, எம்பிஆர் இருக்கிறது.* வட்டின் முதல் பக்கத்தில் பிரிவுகளின் அட்டவணை எழுதப்பட்டிருக்கும். பழைய வகை எம்பிஆர், புதிய வகை ஜிபிடி. யூஈஎஃப்ஐ முறையில் எழுந்த நிறுவல் நிரல் ஜிபிடியைத்தான் ஏற்கும். எல்லாப் பிரிவுகளையும் அழித்தால் பெரும்பாலும் தானாக மாறிவிடும். ஆம், உள்ளிருப்பதும் அழியும்.

*வைஃபை இல்லை, இணையம் கேட்கிறது.* விண்டோஸ் 11 ஹோம் அமைக்கும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு தொலைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமலே இணையம் வந்துவிடும்.

*தேதி தவறு.* பலகையில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகும். பாதுகாப்புச் சான்றிதழ்களெல்லாம் 'இன்னும் தொடங்கவில்லை' என்று நிராகரிக்கப்படும். உரிமச் சரிபார்ப்பும் தோற்கும். சில வெள்ளியில் முடியும் காரியத்துக்கு ஆட்கள் விண்டோஸையே இரண்டாம் முறை போட்டிருக்கிறார்கள்.

பலகை மாறியிருந்தால் உரிமம்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் கணினியைக் கடையிலிருந்து வாங்காதீர்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' மூலம் இயங்குகிறது என்று இருந்தால் சரி.

பலகை மாறியதால் உரிமம் ஒட்டவில்லை என்றால், ட்ரபுள்ஷூட் பொத்தானில் 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்று ஒரு வரி இருக்கும். பழைய உரிமம் ஏற்கெனவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு வந்த உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றமுடியாது. ஆனால் பழுதான பலகைக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் அதே மாடல் பலகையைப் போட்டுத் தந்தால் அது புதிய கணினியாகக் கருதப்படாது. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வேறொரு கணினியிலிருந்து கழற்றிய பலகை என்றால் ஒரு விநோதம் நடக்கும். அதன் சில்லில் அந்தக் கணினியின் குறியீடு இருக்கும். நிறுவல் நிரல் கேட்காமலே அதைப் படித்து, உங்கள் புரோவுக்குப் பதிலாக ஹோமைப் போட்டுவிடும். "நான் புரோதானே வைத்திருந்தேன்" என்று குழம்புவதன் விளக்கம் இது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வாசகமும் வரலாம்: 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' மூலம் இயங்குகிறது என்று. அலுவலகக் கணினிக்கு இது நியாயமானது. வீட்டுக் கணினியில் இருந்தால் உங்களுக்குப் போட்டுத் தந்தது திருட்டு நகல். பெருநிறுவனங்களுக்கான கேஎம்எஸ் என்ற முறையை ஏமாற்றும் நிரல் உள்ளே ஓடுகிறது என்று பொருள். அந்த உரிமம் 180 நாள்தான் நிற்கும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க அந்த நிரல் உங்கள் கணினியில் தொடர்ந்து குடியிருக்கவேண்டும். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் அதை உள்ளே விட்டிருப்பார்கள். வேதனை என்னவென்றால், இப்படி மாற்றப்பட்ட கணினிகளில் பலவற்றின் பயோஸ் சில்லில் அசல் உரிமம் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும்.

சுருக்கமாக: வட்டு மாறினால் உரிமம் தானாக வரும். பலகை மாறினால் கணக்கும் ரசீதும் பேசும்.

பழைய கணினியும் மேக்கும்

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் கேட்கும். ஒட்டுத்தாளிலுள்ள விண்டோஸ் 7 குறியீட்டைப் புதிய விண்டோஸுக்குக் கொடுக்கும் வழியையும் 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இவற்றில் மாட்டிய பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடுவது நல்ல தீர்வு. தம் டிரைவ் தயாரிக்கும் முறை ஏறக்குறைய இதேதான். உரிமக் கவலை கிடையாது.

மேக்கில் வேலை எளிது. இன்டெல் மேக் என்றால் சுவிட்சைப் போட்டவுடன் கமாண்ட், ஆப்ஷன், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லு என்றால் பவர் பொத்தானைப் பிடித்தபடியே இருக்கவேண்டும். மீட்புத் திரை வந்ததும் வைஃபையில் இணைத்து இயங்குதளத்தை இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் மட்டும் கைவசம் இருக்கட்டும்.

போட்டு முடித்தபின்

விண்டோஸ் அப்டேட்டை, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். பெரும்பாலான டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் மிச்சமிருந்தால் தயாரிப்பாளர் தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்து, முதலில் சிப்செட் (பலகையின் பாகங்களை இணைக்கும் சில்லுத் தொகுதி) டிரைவர், பிறகு மற்றவை என்று இறக்குங்கள். பிட்லாக்கர் மறுபடி இயங்கியிருந்தால் மீட்பு எண் புதிதாக மாறியிருக்கும். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

தமிழ் விசைப்பலகைக்குத் தனி மென்பொருள் தேடவேண்டியதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ்99 இருக்கும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'அஞ்சல்' என்ற தட்டச்சு முறையும் அங்கேயே இருக்கும். பழகியதைத் தேர்ந்துகொள்ளுங்கள், விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.